பிஸ்கட் முனுசாமிக்கு ஒத்துக்கொண்ட டப்பா

1

எங்கள் தெருமுனைக் கடையில் கல்லாவில் உட்காரும் அம்மாள் போன வாரம் கேட்டாள்: "இந்த வாரமும் நாய் டப்பா வேண்டாமா? உங்கள் பையன் எப்படி இருக்கிறான்?"

"ரொம்ப நன்றாக இருக்கிறான்" என்றேன்.

பையன் என்று அவள் கேட்டது எங்கள் நாயைத்தான். நான் சொன்னதும் பொய்யில்லை. நன்றாகத்தான் இருக்கிறான். எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பின்பாதியைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியும். வாய்தான் வரவில்லை. ரொட்டியும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நாய்க்கு டப்பாவில் சாப்பாடா, அதற்கு ஒரு கட்டுரையா என்று. சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

திருத்தணியை விட்டு வந்து பதினேழு, பதினெட்டு வருஷம் ஆகிறது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பஞ்சாலை ஊர். ஆலையில் ராத்திரி ஷிப்ட் என்று கூட்டிவந்தார்கள். பிறகு ஆலையையே மூடிவிட்டார்கள். இப்போது பேருந்து டிப்போவில் பஸ் கழுவுகிறேன். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் நாலு பேர் வாயைப் பார்த்து, நாலு பேரிடம் வாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது. அதனால் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வள்ளி எங்களுக்கு ஒரே பெண். ஐந்து வயதில் இங்கே வந்தாள். வந்த புதிதில் என்னை நைனா என்று கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் போன முதல் வருஷத்திலேயே நான் டாட் ஆகிவிட்டேன். படித்து முடித்துத் தெற்கே பெரிய நகரத்தில் வேலைக்குப் போனாள். அங்கே முனுசாமி என்ற பேர் யார் வாயிலும் நுழையவில்லையாம். முன்பாதியை வெட்டிவிட்டு வெறும் சாமி ஆகிவிட்டாள். முனுசாமி என்பது எங்கள் நைனா பேர். வெட்டட்டும், பேர் என்ன வாழைத்தாரா, வெட்டினால் திரும்பி வராமல் போக என்று நான் தமாஷாகச் சொன்னேன். என் பெண்டாட்டி கோமளா சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பிட்டீர்களா, குளிர் எப்படி, உடம்பு பரவாயில்லையா. மூன்று கேள்வி. நாங்களும் அதே மூன்றைத் திருப்பிக் கேட்போம். அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். சண்டை ஒன்றும் இல்லை. அவளுக்கு மிச்சம் இருந்த தமிழ் முழுக்கச் சாப்பாட்டுத் தமிழ். சோறு, குழம்பு, போதும், இன்னும் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும்?

இப்படி இருக்கும்போது ஒருநாள் நாயோடு வந்தாள். பழுப்பு நிறம், குட்டைக் கால், தரையைக் கூட்டுகிற மாதிரி காது. பேர் பிஸ்கட். அவள் குடியிருந்த வீட்டுக்காரன் நாய் கூடாது என்று சொல்லிவிட்டானாம். "ஒரு மாசம் வெச்சுக்கோங்க டாட்" என்றாள்.

கோமளா சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டாள். "நாயை வூட்டுக்குள்ள வெச்சிகினு எப்டிங்க வெளக்கேத்தறது?"

"வாசல்ல கட்டுனா குளிர்ல வெறச்சிப் போயிடும்மா" என்றேன்.

"நாம வெறச்சிகினு இருந்தப்ப யாரு உள்ள கூப்ட்டாங்க?"

அதோடு சரி. பத்தாம் நாள் நாய் அவள் கால்மாட்டில் படுத்திருந்தது. அடுத்த ஞாயிறு போன் வந்தது. வள்ளி கேட்ட முதல் கேள்வி, "பிஸ்கட் என்ன பண்றான்?" கோமளா சொல்ல ஆரம்பித்தாள். தபால்காரனைப் பார்த்துக் குரைத்தது, துடைப்பத்தை இழுத்துக்கொண்டு ஓடியது, அவள் சகஸ்ரநாமம் சொன்னால் எதிரில் உட்கார்ந்து கேட்பது என்று ஒவ்வொன்றாக. அந்தப் பக்கம் வள்ளி சிரித்தாள். நான் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன், இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போனை வைத்துவிட்டுக் கோமளா சொன்னாள். "நாயி நம்ம வூட்ல நல்லா இருக்கற வரிக்கும் பொண்ணு பேசும். பாத்துக்கோங்க."

ஒரு மாதம் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

3

நாய் நன்றாக இல்லை. அதுதான் விஷயம்.

வந்த மூன்றாம் மாதமே சொறிய ஆரம்பித்தது. வயிற்றுக்கு அடியிலும் காதுக்குள்ளும் செக்கச்செவேல் என்று இருந்தது. வயிறு வேறு கழிந்தது. "நாய்க்கு வேலை இல்லை, உட்கார நேரமும் இல்லை" என்பார்கள். இதற்குச் சொறிவதே வேலையாகிவிட்டது.

கால்நடை மருத்துவரிடம் போனால் எங்கள் சம்பளம் தாங்காது. ஏழைபாழைகளின் நாய் பூனைக்கு என்று ஒரு தரும ஆஸ்பத்திரி உண்டு என்று டிப்போவில் சொன்னார்கள். அங்கே நாம் ஏழைதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். சம்பளச் சீட்டு, வாடகைச் சீட்டு, பிறகு ஒரு கையெழுத்து. ஊரில் ரேஷன் கார்டு வாங்க நடந்த நடையை ஒரு நாய்க்காக இங்கே நடந்தேன்.

எல்லாம் முடித்து நாயை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்: "பிஸ்கட் முனுசாமி."

இங்கே வழக்கம் அப்படி. நாயோ பூனையோ, வீட்டுக்காரன் குடும்பப் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். கோமளா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா போயி பத்து வருசம் ஆவுது. அவரு பேரை நாயிக்கு வெச்சிட்டானுங்களே."

"அவனுங்க எங்க வெச்சானுங்க? நாமதான் எழுதிக் குடுத்தோம். எழுந்துரு, மறுபடியும் கூப்பிடப் போறாங்க."

"அவ வேணாம்னு வெட்டுன பேரு இதுக்கு முழுசா கெடச்சிடிச்சி பாருங்க" என்றாள். சொன்னபிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

டாக்டர் அம்மாள் நல்ல உயரம், பொறுமைசாலி. சில நாய்களுக்குச் சில சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அது நோய் இல்லை, ஆனால் அதைக் கண்டுபிடித்து விலக்காமல் எந்தக் களிம்பும் வேலை செய்யாது என்றாள். பெரும்பாலும் மாட்டுக்கறி, கோதுமை, பால், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். எனவே ஆட்டுக்கறியும் சோறும் மட்டும். வேறு எதுவும் ஆறு வாரத்துக்கு வாயில் படக்கூடாது. ஆறு வாரம் பார்த்தால்தான் ஒரு டப்பா ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்று தெரியும்.

சோறு என்றதும் கோமளா முகத்தைப் பார்க்க வேண்டுமே. இந்த ஊரில் எங்கள் வீட்டில் குறைவில்லாமல் இருக்கும் ஒரே பொருள் அரிசி மூட்டை. "அதுவும் நம்ம சாதியாட்டம்தான்" என்றாள் நாயைத் தட்டிக்கொடுத்து.

பிஸ்கட் என்று பேர், பிஸ்கட் தின்னக் கூடாது. "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்று எங்கள் எல்லைப்பக்கத்தில் தெலுங்கில் சொல்வார்கள். பேர் பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை.

4

டாக்டர் அம்மாள் காட்டிய டப்பா ஒன்றின் விலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேளை கறிக்குழம்பு சாப்பிடலாம். எனவே மலிவான டப்பாவில் நல்லதைத் தேட வேண்டியதாயிற்று. தேடித்தேடி நான் கற்றதைச் சொல்கிறேன். இப்போது ஊரிலும் பொமரேனியன் வளர்க்கிறார்கள் என்று கேள்வி, யாருக்காவது உதவட்டும்.

டப்பாவின் முகத்தைப் பார்க்காதே, முதுகைப் பார். முகத்தில் ஆட்டுக்குட்டி படம் போட்டிருப்பான். முதுகில் பொடி எழுத்தில், இறைச்சியும் விலங்கிலிருந்து கிடைத்த பொருள்களும் என்று இருக்கும். எந்த விலங்கு என்று அந்த விலங்குக்கே தெரியாது. அதைத் தொடாதே. குழம்பில் மிதக்கிற துண்டு என்றால் அந்தக் குழம்பு கெட்டியாவதற்கு மாவு கலந்திருக்கும், கோதுமை மாவு. கத்தியால் வெட்டுகிற மாதிரி கட்டியாக, இல்லாவிட்டால் வழவழப்பான ஜெல்லியில் இருப்பது மேல். ஒரே விலங்கின் கறி என்று பேர் சொல்லிப் போட்டிருப்பவன்தான் யோக்கியன். பழைய டப்பாவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் தாவாதே, ஒரு வாரம் இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு கரண்டி. அரை டப்பாவுக்கு ஒரு பிடி சோறு போட்டால் டப்பா இரண்டு நாள் வரும். மிச்சத்தைத் தட்டு போட்டு மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் வெந்நீரில் கிண்ணத்தை நிறுத்திச் சூடு காட்டிக் கொடு. இல்லாவிட்டால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

எல்லாம் சரியாகத்தான் செய்தோம். கடைசியில் தெருமுனைக் கடையிலேயே, எல்லாவற்றிலும் மலிவாக, ஆட்டுக்கறி மட்டும் என்று முதுகில் ஒப்புக்கொண்ட டப்பா ஒன்று கிடைத்தது. பிஸ்கட்டும் கிண்ணத்தை நக்கித் தேய்த்தது. இரண்டு வாரம், மூன்று வாரம், தோல் ஆற ஆரம்பித்தது. வள்ளியிடம் போனில் ஜம்பமாகச் சொன்னேன்.

நாலாவது வாரம் மறுபடியும் சொறி.

டப்பாவை மாற்றினோம். முயல்கறி என்று ஒன்று. கொஞ்ச நாள் பரவாயில்லை, மறுபடியும் சொறி. பிறகு மீன். அதுவும் அதே கதை. ஒவ்வொரு டப்பாவாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தண்டித்தோம். டாக்டர் அம்மாள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள்: "டப்பாவைத் தவிர வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?"

"சோறு மட்டும்தான்."

"பால்?"

"அன்றைக்கே நிறுத்திவிட்டோம்."

"வெறும் சோறு, நல்லது" என்று எழுதிக்கொள்வாள்.

கிருத்திகையன்று எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. மற்ற நாளில் எல்லாம் உண்டு. முருகன் ஊரிலிருந்து வந்தவர்கள், அந்த ஒரு நாளாவது சுத்தமாக இருக்க வேண்டாமா என்பாள் கோமளா. அன்றைக்கு நாய் டப்பாவையும் திறக்க விடமாட்டாள். நாயைப் பட்டினி போட முடியுமா? தயிர்சோறு. உப்பில்லாமல், குழையப் பிசைந்து. வயிறு கழிகிற நாயாயிற்றே, அதற்கும் நல்லது. வயிற்றுப்போக்கு என்றால் பாலை நிறுத்து, தயிரைக் கொடு. இது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த வைத்தியம். பால் வேறு, தயிர் வேறு. இதில் டாக்டரிடம் சொல்ல என்ன இருக்கிறது? சோறு என்றால் அதில் தயிரும் சேர்த்திதானே.

கிருத்திகையில் கோமளா எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வள்ளியின் பதினோராம் பிறந்தநாள் ஒரு கிருத்திகையில் வந்துவிட்டது. கூடப் படித்த பெண் ஒருத்தி, தன் அம்மா செய்த கேக்கைக் குளிரில் சுமந்துகொண்டு வந்தாள். முட்டை போட்ட கேக். கோமளா சிரித்த முகத்தோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் நேரே பின்கதவைத் திறந்து சுவர்மேல் பறவைகளுக்கு வைத்துவிட்டாள். அந்தப் பெண் இன்னும் கோட்டைக் கழற்றவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறுபடி வரவில்லை. வள்ளியும் அதற்குப் பிறகு யாரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவில்லை. நான் அன்றைக்கு ராத்திரி ஷிப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததே பின்னால்தான்.

5

நடுவில் மூன்று வாரம் ஊருக்குப் போனோம். வள்ளி விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து தங்கி நாயைப் பார்த்துக்கொண்டாள்.

கோமளாவின் தம்பி தயாளன் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவன் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நாய்க்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத கதையைச் சொன்னேன். அவன் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டான்.

"ஒத்துக்கலன்னா இன்னா பாவா அர்த்தம்? நம்மூர்ல மனுசனுக்கே ஒத்துக்கலன்னு சொல்ற பாத்தியதை கெடையாது. போட்டதைத் துன்னுட்டுப் போவணும்."

"உடம்பெல்லாம் சொரிஞ்சிக்குதுடா."

"நாயி சொரியாம பின்ன ஆர்மோனியமா வாசிக்கும்?" பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சைக்கிளுக்கு அடியில் சுருண்டிருந்த ஒன்றைக் காலால் காட்டினான். "தோ கீது பாரு. இது கே.ஜி.கண்டிகைலேர்ந்து ஒரு வண்டி பின்னாலயே ஓடி வந்துச்சு. மலைப்படில செதறன பொங்கலு, கல்யாண எலை, பாய் கடை எலும்பு, என் செருப்புல பாதி. எல்லாம் ஒத்துக்கினுகீது."

"முதுகுல முடியைக் காணோமேடா."

"ஆங், அது ஸ்டைலு பாவா."

மறுபடியும் சிரிப்பு. அப்புறம் அவனே சொன்னான். "நாய் வயித்துல நெய்ச்சோறு தங்காதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நல்லது குடுத்தே கெடுத்துட்டீங்க."

நானும் சிரித்தேன். அந்தப் பழமொழி எனக்கு நாக்கு நுனியில் இருப்பது. ரகசியம் காக்கத் தெரியாதவன், திடீர்ப் பணக்காரன் என்று எத்தனையோ பேர் மேல் எறிந்திருக்கிறேன். நாய் மேல் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது தயாளன் அரக்கோணத்தில் ஒரு ரயில்வேக்காரர் வீட்டிலிருந்து பொமரேனியன் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறான். அது சொறிகிறதாம். பாவா டப்பா அனுப்பு என்கிறான்.

கோமளா மறுநாள் காலையிலேயே மலையேறினாள். தோல் வியாதிக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போடுவது வழக்கமாயிற்றே. எனக்கு மூட்டுவலி என்று அவள் போட்டதில்லை. நாய்க்குப் போட்டாள். "என் பேர்லயே போட்டேன். அவனுக்குத் தெரியும் யாருக்குன்னு" என்றாள் இறங்கி வந்து.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் பிஸ்கட் பளபளவென்று நிற்கிறது. வயிற்றுத் தோல் ஆறி, காது சுத்தமாக, முடி புதிதாக முளைத்து. கோமளா கண்ணில் தண்ணீர். வள்ளியைக் கேட்டோம், என்ன கொடுத்தாய் என்று. "பேப்பர்ல இருந்ததுதான். டப்பா, ரைஸ்" என்றாள் அவள்.

"நீ குடுத்ததும் இல்ல, நான் குடுத்ததும் இல்ல. குடுத்தவன் தோ கீறான்" என்று கோமளா சுவரில் இருந்த முருகன் படத்தைக் காட்டினாள். நன்றிக்கு இனிமேல் கிருத்திகையோடு செவ்வாய்க்கிழமையும் இந்த வீட்டில் கவுச்சி இல்லை என்று அங்கேயே வேண்டிக்கொண்டாள்.

வாரா வாரம் செவ்வாய்க்கிழமை. வாரா வாரம் தயிர்சோறு.

6

அந்தக் குளிர்காலத்தில் பிஸ்கட் தேய்ந்து போயிற்று. ராத்திரியெல்லாம் சொறிகிற சத்தம், கழுத்துப்பட்டை மணி குலுங்குகிற சத்தம். கோமளா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் காலைப் பிடித்துக்கொள்வாள். வயிறு கழியக் கழிய இன்னொரு வாய் தயிர்சோறு.

வள்ளி சிநேகிதியின் காரில் வந்தாள். நாயைப் புரட்டிப் பார்த்தாள்.

"டாட், ரத்தம் வருது. பாக்கலையா?"

கோமளா சொன்னாள். "பாத்துகினுதான் கீறோம். டப்பா டப்பாவா மாத்திகினுதான் கீறோம்."

"மாத்திகிட்டே இருந்தா எது சரின்னு எப்படித் தெரியும்?"

"எதுவும் சரியா வரலயே. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

வள்ளி கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. புது வீட்டில் நாய் வைத்துக்கொள்ளலாம், மாடியில் இருக்கும் பெண் பகலில் பார்த்துக்கொள்வாள், எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்தேன் என்றாள். கோமளா கிண்ணம், போர்வை, சீப்பு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொடுத்தாள். அரிசியும் ஒரு பை கட்டினாள். பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து வள்ளி போன் செய்தாள். நாய் முழுக்கத் தேறிவிட்டது. என்ன டப்பா என்று கேட்டேன். நாங்கள் முதன்முதலில் பிடித்து நாலாவது வாரம் தள்ளிவிட்ட அதே டப்பா, தெருமுனைக் கடையின் மலிவு ஆட்டுக்கறி.

"அதைத்தானே நாங்களும் குடுத்தோம்" என்றேன்.

"அது கூட?"

"ஒண்ணும் இல்லம்மா. சோறு."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"டாட், கிருத்திகைக்கு என்ன குடுத்தீங்க?"

பதினொரு வயதில் பிறந்தநாள் கேக்கைச் சுவர்மேல் பார்த்தவள் அவள். இந்த வீட்டில் கிருத்திகையன்று எது திறக்கும், எது திறக்காது என்று டாக்டருக்குத் தெரியாது, கடைக்கார அம்மாளுக்குத் தெரியாது. இவளுக்குத்தான் தெரியும்.

"தயிர்சோறு" என்றேன்.

"டாட். அது பால்."

ஆறு வாரம் ஒரு டப்பாவைச் சோதிக்க வேண்டும். கிருத்திகையோ இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை வந்துவிடும். எந்தக் கொம்பன் டப்பாவாக இருந்தாலும் எங்கள் வீட்டில் தேறியிருக்காது. முருகன் மேல் குற்றமில்லை. உப்பும் மிளகும் போட்டதற்கு அவன் கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் மூன்று வாரம் வீட்டில் இல்லாததுதான் நாய்க்கு வைத்தியம்.

கோமளாவிடம் சொன்னேன். அடுப்பருகில் இருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணரை வருசமா நானே வெச்சிகினு இருந்தேனா?"

"மருந்துன்னுதானே குடுத்தோம்."

"அதுவும் நக்கி நக்கித் துன்னுச்சிங்க. வேணாம்னு ஒரு நாளு மூஞ்சைத் திருப்பல." அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "போன் போடுங்க. கிருத்திகைக்கும் டப்பா தெறக்கறேன்னு சொல்லுங்க. செவ்வாக்கெழமையும் தெறக்கறேன். வேண்டுதலைப் பத்தி நான் அவன்கிட்ட பேசிக்கறேன். கொண்டாந்து வுடச் சொல்லுங்க."

சொன்னேன். "அவன் இங்க செட்டில் ஆயிட்டான் டாட்" என்றாள் வள்ளி. அங்கே ஆஸ்பத்திரியில் அவன் பேர் பிஸ்கட் சாமியாம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் இரண்டு வாரத்துக்கு ஒன்று ஆயிற்று. பிறகு மாதத்துக்கு ஒன்று. நாய் நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதே மூன்று கேள்வி, அதே மூச்சுச் சத்தம்.

7

ஒருநாள் கொண்டுவந்து காட்டிவிட்டாவது போ என்று கோமளா கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள் வள்ளி. நாள்காட்டியைப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் அன்றைக்குக் காவடிக் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கோமளாவைப் பார்த்தேன். அவளும் பார்த்திருந்தாள். வேறு நாள் வா என்று சொல்லவில்லை. "வெள்ளிக்கெழமையே டப்பா வாங்கியாந்துடுங்க" என்றாள்.

கல்லா அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "திரும்பி வருகிறானா?"

"ஞாயிற்றுக்கிழமை வருகிறான்" என்றேன். மூன்று டப்பா வாங்கினேன். அன்றைக்கே திரும்பிப் போய்விடுவான் என்று சொல்லவில்லை.

ஞாயிறன்று கோமளா குளித்து, விளக்கேற்றி, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். மத்தியானம் வந்தார்கள். பிஸ்கட் பருத்திருந்தது. அவள் புடவையை ஒரு சுற்று மோந்தது, துடைப்பம் எங்கே என்று தேடிப் போயிற்று. வள்ளி சுவரில் இருந்த படத்தையும் புதுப்பூவையும் பார்த்தாள். பார்த்த உடனே புரிந்துகொண்டாள்.

"அம்மா, இன்னைக்கு கிருத்திகை. அவனுக்கு நான் ரைஸ் எடுத்துட்டு வந்திருக்கேன். போதும்."

"வெறுஞ்சோறு எதுக்குத் துன்னணும்? எனக்குத் தெரியும் இன்னிக்கு இன்னான்னு."

டப்பா திறப்பது எப்போதும் என் வேலை. கை நீட்டினேன். கோமளா கொடுக்கவில்லை. அவளே டப்பா திறக்கும் சாவியைப் பதித்துத் திருகினாள். பழக்கமில்லாத கை, இரண்டு தரம் வழுக்கியது. விளக்கு எரிந்துகொண்டிருந்த வீட்டில் ஆட்டுக்கறி வாசம் எழுந்தது. அரை டப்பாவைக் கிண்ணத்தில் தட்டி, வள்ளி கொண்டுவந்த சோற்றைச் சேர்த்து, கையாலேயே பிசைந்து கீழே வைத்தாள். பிஸ்கட் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது.

வள்ளி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாயைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கை வெளிய வெச்சீங்க இல்லம்மா" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்தது இல்லையா என்று கேட்கிற மாதிரி.

"வெச்சேன்" என்றாள் கோமளா.

அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வார்த்தை இல்லை. வள்ளிக்குத் தமிழில் இல்லை, கோமளாவுக்கு எந்தப் பாஷையிலும் இல்லை. கோமளா கை கழுவிக்கொண்டு வந்து பெண்ணுக்குச் சோறு போட்டாள். சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம். "இன்னும் கொஞ்சம்" என்றாள் வள்ளி. அதை நல்ல தமிழில் சொன்னாள்.

கிளம்பும்போது வாசலில் கோமளா கேட்டாள். "அடுத்த கிருத்திகைக்கு வரியா?"

"பாக்கறேன்மா."

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை வைத்தால் ஆகட்டும் என்று சொல்பவன் வருவான். பார்க்கிறேன் என்பவன் வரமாட்டான். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அந்த ஒரு வழக்கத்தை மட்டும் பெண் பிசகாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கார் திரும்பும்வரை நின்றோம். உள்ளே வந்து கோமளா கிண்ணத்தைக் கழுவி எங்கள் தட்டுகளோடு கவிழ்த்தாள். மிச்சமிருந்த இரண்டு டப்பாவையும் அரிசி மூட்டைக்கு மேலே அலமாரியில் வைத்தாள். வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பின்னால போட்டிருப்பானே. எத்தினி நாளு தாங்கும்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் முதுகைப் பார்த்தேன்.

"ரெண்டு வருசம்."

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.